பாதசாரியின் கவனக்குறைவால் சைக்கிளிலிருந்து விழுந்தால்: சட்டமும் காப்பீடும்

காரோ மோட்டார் சைக்கிளோ இடித்துத் தள்ளினால் அடுத்து என்ன செய்வது என்பது ஓரளவுக்கு எல்லோருக்கும் தெரியும். வண்டி எண்ணைக் குறித்துக்கொண்டால், அந்த எண்ணுக்குப் பின்னால் பெரும்பாலான நாடுகளில் ஒரு கட்டாயக் காப்பீடு இருக்கிறது. பாதசாரிக்கு எண் பலகை இல்லை. நடப்பதற்கென்று எந்த நாட்டுச் சட்டமும் காப்பீடு எடுக்கச் சொல்வதில்லை. அதனால்தான், கைபேசியைப் பார்த்தபடி சாலையில் இறங்கிய ஒருவரால் காறை எலும்பு முறிந்து கிடக்கும் சைக்கிள்காரரிடம், சுற்றி நிற்பவர்கள் "நடந்து வந்தவர்மேல் என்ன கேஸ் போட முடியும், விடுங்கள்" என்று சொல்லிவிடுகிறார்கள்.

விட வேண்டியதில்லை. கவனக்குறைவால் இன்னொருவருக்குத் தீங்கு செய்தவர் அதற்கு ஈடு செய்ய வேண்டும் என்ற விதி, காலால் நடப்பவருக்கும் சேர்த்துத்தான். இங்கிலாந்துச் சட்ட மரபைப் பின்பற்றும் நாடுகளிலும், ஜெர்மனியின் உரிமையியல் சட்டத் தொகுப்பின் 823ஆம் பிரிவிலும், பிரெஞ்சு உரிமையியல் சட்டத் தொகுப்பின் 1240ஆம் பிரிவிலும், ரோமன்-டச்சுச் சட்ட வழி வந்த இலங்கைச் சட்டத்திலும் இந்த அடிப்படை இருக்கிறது. சொற்களும் நடைமுறைகளும்தான் மாறும். ஆகவே விழுந்தவர் விடை தேட வேண்டிய கேள்விகள் இரண்டு: பாதசாரியின் தவறை நிரூபிக்க முடியுமா? பணம் எங்கிருந்து வரும்? இரண்டாவது கேள்வியை யாரும் முதலில் கேட்பதில்லை. ஆனால் முடிவைத் தீர்மானிப்பது பெரும்பாலும் அதுதான்.

முதல் படி: விழுந்த இடத்தில்

முதலில் சாலையின் நடுவிலிருந்து விலகுங்கள். கழுத்திலோ முதுகிலோ வலி இருந்தால் மட்டும் அசையாமல் இருந்து, பின்னால் வரும் வண்டிகளை நிறுத்தும்படி பக்கத்தில் இருப்பவரைக் கேளுங்கள். அந்தப் பாதசாரிக்கும் அடிபட்டிருக்கலாம். அவரைப் பார்த்துக்கொள்வதும், தேவையானால் ஆம்புலன்ஸ் அழைப்பதும் மனிதக் கடமை. பல நாடுகளில் சட்டக் கடமையும்கூட. உங்களுக்கு எவ்வளவு நியாயம் இருந்தாலும் அவரை விட்டுவிட்டுப் போய்விடாதீர்கள்.

அடுத்து அவருடைய பெயர், முகவரி, தொலைபேசி எண். எல்லாவற்றிலும் முக்கியமானது இதுவே. எண் பலகை இல்லாதவர் கூட்டத்தில் கலந்துவிட்டால் பிறகு அவரைத் தேடிப் பிடிக்க வழியில்லை. யார் என்றே தெரியாதவர்மேல் வழக்கும் போட முடியாது. கொடுத்த எண்ணை அங்கேயே ஒருமுறை அழைத்து, அவர் கைபேசி ஒலிக்கிறதா என்று பாருங்கள். தர மறுத்தால் காவல்துறையை அழையுங்கள். பெயர் விவரத்தைப் பதிவு செய்ய அவர்களுக்கு அதிகாரம் இருக்கிறது, உங்களுக்கு இல்லை. கையைப் பிடித்து இழுப்பதோ வழிமறித்து நிறுத்துவதோ உங்கள்மேல் புகாராகத் திரும்பும்.

சாட்சிகளின் எண்களையும் வாங்குங்கள். பாதசாரியுடன் வந்த நண்பரைவிட, பஸ்ஸுக்குக் காத்திருந்த முன்பின் தெரியாத ஒருவரின் சொல்லுக்கு மதிப்பு அதிகம். "நீங்கள் பார்த்ததை ஒரு வரி எனக்குக் குறுஞ்செய்தியாக அனுப்ப முடியுமா?" என்று கேட்டால் பெரும்பாலும் அனுப்பிவிடுவார்கள். நேரமும் தேதியும் தானாகவே பதிவாகிவிடும்.

படம் எடுக்கும்போது காயத்தையும் வளைந்த சக்கரத்தையும் மட்டும் எடுத்துவிட்டு வந்துவிடுகிறோம். வழக்குக்கு உதவுவது வேறு படங்கள். சைக்கிள் விழுந்த இடத்திலேயே, அதை நகர்த்துவதற்கு முன் ஒரு படம். நீங்கள் வந்த திசையில் நின்று, உங்கள் கண்ணுக்கு அப்போது என்ன தெரிந்தது என்பதைக் காட்டும் ஒரு படம். நிறுத்தி வைத்திருந்த வேன் பார்வையை மறைத்திருந்தால் அது இதில் வர வேண்டும். பாதசாரி எங்கிருந்து இறங்கினாரோ அங்கிருந்து ஒன்று. சிக்னல், கடவைக் கோடு, சைக்கிள் தடக் குறியீடு, தெருவிளக்கு. கைப்பிடி முனையில் ஏற்பட்ட சிராய்ப்பு, பிரேக் நெம்புகோலில் விழுந்த கீறல், தலைக்கவசத்தின் உள் நுரையில் ஓடும் விரிசல். எந்தப் பக்கம் விழுந்தீர்கள், எது முதலில் தரையில் பட்டது என்பதை இந்தச் சின்ன அடையாளங்கள் சொல்லும்.

பேச்சில் கவனம் தேவை. "மன்னித்துக்கொள்ளுங்கள், நான்தான் வேகமாக வந்துவிட்டேன்" என்று பதற்றத்தில் சொல்லிவிடுவது நம் இயல்பு. அந்த ஒரு வாக்கியம் பிறகு எதிர்த்தரப்பின் முதல் ஆவணமாகிவிடும். அவர் நலம் விசாரியுங்கள், உதவுங்கள். யார் தவறு என்ற பேச்சுக்கே அங்கே போகாதீர்கள். அதேபோல அவர் "நான் பார்க்கவே இல்லை" என்று சொன்னால், அந்தச் சொற்களை அப்படியே எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாம் படி: அடுத்த இரண்டு நாட்கள்

வலி இல்லாவிட்டாலும் மருத்துவரைப் பாருங்கள். தலையில் பட்ட அடியின் அறிகுறிகள் சில மணி நேரம் கழித்தோ மறுநாளோதான் தெரியவரும். வாந்தி, குழப்பம், தூக்கக் கலக்கம், தாங்க முடியாத தலைவலி இருந்தால் நேராக அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போக வேண்டும். சட்டக் கண்ணோட்டத்திலும் இது முக்கியம். விபத்துக்கும் முதல் மருத்துவக் குறிப்புக்கும் இடையில் இரண்டு வாரம் போய்விட்டால், "இந்த வலி அந்த விபத்தில்தான் வந்தது என்பதற்கு என்ன ஆதாரம்?" என்று எதிர்த்தரப்புக் காப்பீட்டு நிறுவனம் கேட்கும். எப்படி விழுந்தீர்கள் என்பதை மருத்துவரிடம் தெளிவாகச் சொல்லி, குறிப்பில் எழுதச் சொல்லுங்கள்.

கண்காணிப்புக் கேமராப் பதிவுகள் தானாக அழிந்து, மேலே புதியவை எழுதப்படும். சில இடங்களில் ஒரு மாதம் இருக்கும், சில இடங்களில் சில நாட்கள்தான். கடை, அடுக்குமாடிக் கட்டடம், கடந்து போன பஸ் என எங்கெல்லாம் கேமரா இருந்திருக்கக்கூடுமோ அங்கெல்லாம் மறுநாளே எழுத்தில் கேளுங்கள். பதிவைத் தர மறுத்தாலும் "அழிக்காமல் வைத்திருங்கள்" என்ற கோரிக்கைக் கடிதம் அவர்கள் கையில் இருக்கட்டும். பிறகு காவல்துறையோ நீதிமன்றமோ வாங்கிக்கொள்ளலாம். உங்கள் சைக்கிள் கணினியில் பதிவான வேகத் தடத்தையும் பிரதி எடுத்து வையுங்கள். அது உங்களுக்கு எதிராகவும் பேசலாம். அதற்காக அழித்துவிடுவது இன்னும் மோசமாகப் பேசும்.

சைக்கிளைப் பழுது பார்க்காதீர்கள், உடைந்த தலைக்கவசத்தைத் தூக்கி எறியாதீர்கள். இரண்டும் சான்றுப் பொருட்கள். கார்பன் சட்டகமாக இருந்தால் வெளியே தெரியாத விரிசல் உள்ளே இருக்கலாம். விவரம் தெரிந்த மெக்கானிக்கிடம் பரிசோதித்து எழுத்தில் அறிக்கை வாங்குங்கள்.

நடந்ததை எழுதி வைப்பதற்கும் இதுதான் சமயம். "திடீரென்று குறுக்கே வந்துவிட்டார்" என்று எழுதினால் அதில் ஒன்றுமே இல்லை. இப்படி எழுதிப் பாருங்கள்: "சாலையோரத்தில் நின்ற வெள்ளை வேனுக்கு முன்னாலிருந்து, கடவைக்குச் சுமார் இருபது மீட்டர் தள்ளி, வலது கையில் பிடித்த கைபேசியைப் பார்த்தபடி இறங்கினார். நான் மணி அடித்தேன். காதில் இயர்போன் இருந்தது, திரும்பவில்லை. பிரேக் பிடித்தபோது எங்களுக்கிடையே ஒரு கார் நீளம்கூட இல்லை." எங்கிருந்து, எப்படி, நீங்கள் என்ன செய்தீர்கள், எவ்வளவு இடம் இருந்தது என்ற நான்கும் அதில் வந்துவிடுகின்றன. தெரியாததைத் தெரிந்ததுபோல எழுத வேண்டாம். சமூக ஊடகத்தில் எதையும் போடவும் வேண்டாம்.

மூன்றாம் படி: தவறு யாருடையது, எவ்வளவு

எதிராளிக்கு உங்களைக் குறித்துக் கவனமாக நடக்கும் கடமை இருந்தது, அதை அவர் மீறினார், அந்த மீறலால்தான் விபத்து நடந்தது, உங்களுக்கு உண்மையான இழப்பு ஏற்பட்டது — இந்த நான்கையும் காட்ட வேண்டும். பார்க்காமல் இறங்குவது, சிவப்பு விளக்கில் கடப்பது, சைக்கிள் தடத்துக்குள் பின்னோக்கி நடப்பது எல்லாம் மீறலுக்கு நல்ல உதாரணங்கள்.

ஆனால் நீதிமன்றம் உங்களையும் அதே கண்ணாடியில் பார்க்கும். வேகம் இடத்துக்குப் பொருத்தமானதா? விளக்கு எரிந்ததா? பிரேக் வேலை செய்ததா? நடைபாதையில் ஓட்டினீர்களா? பாதசாரிகளைவிடச் சைக்கிள்காரரால் அதிகத் தீங்கு நேரலாம் என்பதால் அவரிடம் கூடுதல் எச்சரிக்கை எதிர்பார்க்கப்படுகிறது. பிரிட்டனின் நெடுஞ்சாலை விதிநூலில் 2022 ஜனவரியில் வந்த திருத்தம், சாலையில் எளிதில் பாதிக்கப்படக்கூடியவர்களின் வரிசையில் பாதசாரிகளை உச்சியில் வைத்திருக்கிறது. எல்லோரும் பொறுப்புடன் நடக்க வேண்டும் என்றும் அதே இடத்தில் சொல்கிறது. எனக்கு இது நியாயமாகவே படுகிறது. மிதிப்பவர் கையில் வேகம் இருக்கிறது, நடப்பவர் கையில் இல்லை.

இருவர்மேலும் தவறு இருந்தால் என்ன ஆகும் என்பது நாட்டுக்கு நாடு பெரிதும் மாறுகிறது. இங்கிலாந்தில் 1945ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி உங்கள் பங்குக்கு ஏற்ப இழப்பீடு குறையும், முழுவதும் போய்விடாது. பிரெஞ்சு, ஜெர்மன் முறைகளிலும் பங்கீடு உண்டு. அமெரிக்காவில் பல மாநிலங்களில் உங்கள் தவறு பாதிக்கு மேல் போனால் எதுவும் கிடைக்காது. அலபாமா, மேரிலாந்து, வட கரோலினா, வர்ஜீனியா ஆகிய மாநிலங்களில் பழைய கடுமையான விதி இன்னும் இருக்கிறது: உங்கள்மேல் சிறிதளவு தவறு இருந்தாலே வழக்கு விழுந்துவிடும். இந்த ஒரு விஷயத்தை முதல் ஆலோசனையிலேயே வழக்கறிஞரிடம் கேட்டுவிடுங்கள்.

தலைக்கவசம் அணியாததும் கேள்விக்கு வரும். இங்கிலாந்து உயர் நீதிமன்றம் 2009இல், அணியாமை இழப்பீட்டைக் குறைக்கலாம் என்று கொள்கையளவில் ஏற்றுக்கொண்டது. ஆனால் அணிந்திருந்தால் காயம் குறைந்திருக்கும் என்று நிரூபிக்கப்படாததால் அந்த வழக்கில் குறைக்கவில்லை. ஜெர்மனியின் கூட்டாட்சி உச்ச நீதிமன்றம் 2014 ஜூனில், அணியாத காரணத்துக்காக இழப்பீட்டைக் குறைக்க முடியாது என்றது. கேள்வி ஒன்று, இரண்டு நாடுகளில் இரண்டு பாதை.

மோதாமலே விழுந்தால்? பாதசாரியைத் தவிர்க்கக் கைப்பிடியைத் திருப்பி நீங்கள் மட்டும் கீழே விழுந்திருந்தாலும் உரிமை போகாது. விபத்துக்குக் காரணம் அவர் என்றால் போதும், உடல் உரச வேண்டும் என்பதில்லை. நொடிப்பொழுதில் எடுத்த முடிவைப் பிறகு ஆற அமர உட்கார்ந்து குறை சொல்லக் கூடாது என்பதும் ஆங்கிலச் சட்ட மரபில் ஏற்கப்பட்ட கொள்கை. சாட்சியோ கேமராப் பதிவோ இல்லாவிட்டால் மட்டும் இந்த வகை வழக்கு மிகவும் பலவீனம். திரும்பியபோது கார் ஒன்று உங்களை இடித்திருந்தால், அந்தக் காரின் காப்பீட்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

குழந்தைகள் விஷயம் தனி. குழந்தையிடம் பெரியவரின் கவனத்தைச் சட்டம் எதிர்பார்ப்பதில்லை. ஜெர்மனியில் ஏழு வயது நிறையாத குழந்தைக்குப் பொறுப்பே கிடையாது; பெற்றோர் கண்காணிக்கத் தவறினார்களா என்பதுதான் கேள்வி. பிரான்சில் தம் பிள்ளையின் செயலுக்குப் பெற்றோர் நேரடியாகவே பொறுப்பாகிறார்கள். நீண்டு விரியும் நாய்க்கயிறு சக்கரத்தில் சிக்கினால் நாயின் உரிமையாளரைக் கேட்க வேண்டும். பணி நேரத்தில் பொருள் ஏற்றி இறக்கியவர் குறுக்கே வந்தால் அவருடைய முதலாளியும் பொறுப்பாகலாம்.

நான்காம் படி: பணம் எங்கே இருக்கிறது

அந்தப் பாதசாரிக்குத் தெரியாமலே அவரிடம் காப்பீடு இருக்கலாம். அமெரிக்காவில் வீட்டுக் காப்பீட்டிலும் வாடகைதாரர் காப்பீட்டிலும் உள்ள தனிநபர் பொறுப்புப் பிரிவு (நாம் பிறருக்குச் செய்த தீங்குக்கு ஈடு கொடுக்கும் பகுதி), வீட்டுக்கு வெளியே செய்த கவனக்குறைவையும் வழக்கமாகத் தாங்கும். பிரான்சில் வீட்டுக் காப்பீட்டோடு சேர்ந்தே பொறுப்புக் காப்பு வருகிறது. ஜெர்மனியில் தனிநபர் பொறுப்புக் காப்பீட்டைப் பெரும்பாலான குடும்பங்கள் தனியாகவே எடுத்து வைத்திருக்கின்றன. ஆகவே அவருக்கு எழுதும் முதல் கடிதத்தில் "உங்கள் வீட்டுக் காப்பீட்டு நிறுவனத்துக்கோ பொறுப்புக் காப்பீட்டு நிறுவனத்துக்கோ இதை அனுப்புங்கள்" என்ற வரி கட்டாயம் இருக்கட்டும். தன் பையிலிருந்து கொடுக்க வேண்டும் என்று நினைப்பவர் சண்டைக்கு வருவார். காப்பீடு கொடுக்கும் என்று தெரிந்தவர் ஒத்துழைப்பார்.

பிறகு உங்கள் பாலிசிகள். எல்லாவற்றையும் மேசைமேல் எடுத்து வையுங்கள்: உடல்நலக் காப்பீடு, தனிநபர் விபத்துக் காப்பீடு, வீட்டுப் பொருட்களுக்கான காப்பீடு, சைக்கிளுக்கென்று எடுத்தது, வெளிநாட்டில் விழுந்திருந்தால் பயணக் காப்பீடு, வேலையிடத்தின் குழுக் காப்பீடு. பொருள் விநியோகத்துக்காக ஓட்டிக்கொண்டிருந்தால் தொழிலாளர் இழப்பீட்டையும் கேளுங்கள். விபத்துக் காப்பீடு யார் தவறு என்று பார்ப்பதில்லை. எலும்பு முறிவுக்கோ ஊனத்துக்கோ குறித்த தொகையைக் கொடுத்துவிடும். பாதசாரி யாரென்றே தெரியாமல் போனவர்களுக்கு இதுதான் பற்றுக்கோடு. சில வீட்டுக் காப்பீடுகளில் வழக்குச் செலவுக்கான பிரிவும் ஒளிந்திருக்கும். சைக்கிள் அமைப்புகளின் உறுப்பினர் அட்டையையும் மறக்காதீர்கள்: பிரிட்டனின் சைக்கிளிங் யுகே, ஜெர்மனியின் ஏ.டி.எஃப்.சி. போன்றவை உறுப்பினர்களுக்குப் பொறுப்புக் காப்பீட்டையும் சட்ட உதவியையும் சேர்த்தே தருகின்றன.

ஜெர்மன் பொறுப்புக் காப்பீட்டில் பலரும் கவனிக்காத ஒரு துணைப் பிரிவு உண்டு. உங்களுக்குத் தீங்கு செய்தவரிடம் காப்பீடும் இல்லை, பணமும் இல்லை என்றால், அவர் தர வேண்டியதை உங்கள் நிறுவனமே உங்களுக்குத் தரும். பெரும்பாலும் அதற்கு முன் அவருக்கு எதிரான தீர்ப்பு கையில் இருக்க வேண்டும். பாலிசி வாங்கும்போது இந்தப் பிரிவு இருக்கிறதா என்று பார்த்து வாங்குவது மிகுந்த புத்திசாலித்தனம்.

கார் வைத்திருப்பவர்கள், காப்பீடில்லாத ஓட்டுநர் இடித்தால் பணம் தரும் பிரிவு தங்கள் கார் பாலிசியில் இருப்பதை வைத்து நம்பிக்கை கொள்வார்கள். பாதசாரி மோட்டார் வாகனம் அல்ல என்பதால் அது இங்கே பயன்படாது. இதே காரணத்தால்தான் இந்தியாவில் மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்துக்கும் போக முடியாது. உரிமையியல் நீதிமன்றம்தான் வழி.

உங்கள் நிறுவனத்துக்கு உடனே எழுத்தில் தெரிவியுங்கள். தாமதம் ஒன்றே கோரிக்கையை நிராகரிக்கக் காரணமாகலாம். விலக்குகளையும் படியுங்கள்: பந்தயம், மது, கூலிக்கு ஓட்டுதல், மின்சார சைக்கிள். ஐரோப்பிய ஒன்றியத்தில் 250 வாட்டுக்கோ மோட்டார் உதவி கிடைக்கும் வேகத்தில் மணிக்கு 25 கிலோமீட்டருக்கோ மேற்பட்ட மின்சார சைக்கிள், சைக்கிளாகவே கருதப்படாமல் போகலாம். அப்போது பொறுப்பும் காப்பீடும் முற்றிலும் மாறிவிடும். இன்னொன்று: மருத்துவச் செலவைக் கொடுத்த உடல்நலக் காப்பீட்டு நிறுவனம், பிறகு உங்களுக்குக் கிடைக்கும் இழப்பீட்டிலிருந்து அதைத் திருப்பிக் கேட்கும் உரிமை பல இடங்களில் உண்டு. பேரம் பேசும்போது இதைக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஐந்தாம் படி: கேட்பது, பேசுவது, வழக்கு

சுருக்கமான, மரியாதையான கோரிக்கைக் கடிதம்தான் தொடக்கம். நடந்தது, ஏன் அவர் பொறுப்பு, இழப்பின் பட்டியல், ஆதாரங்களின் நகல், பதில் தர ஒரு நியாயமான கெடு. பட்டியலில் சிகிச்சைச் செலவு, இழந்த ஊதியம், சைக்கிளும் துணிமணியும், மருத்துவமனைக்குப் போய்வந்த பயணம், வீட்டில் உதவிக்கு வைத்த ஆள், வலிக்கும் வேதனைக்குமான தொகை எல்லாம் வரும். ரசீது இல்லாததைச் சேர்த்து ஊதிப் பெருக்கினால் மற்றவையும் சந்தேகத்துக்கு உள்ளாகும்.

முதலில் வரும் தொகையை வாங்கிக்கொண்டு "முழுமையான, இறுதித் தீர்வு" என்ற தாளில் கையெழுத்திட அவசரப்படாதீர்கள். காயம் எவ்வளவு குணமாகும் என்று மருத்துவர் சொல்லும் வரை பொறுங்கள். கையெழுத்திட்டபின் வரும் அறுவை சிகிச்சைச் செலவு உங்களுடையதாகிவிடும். அதற்காகக் காலவரம்பைத் தவறவிட்டுவிடவும் கூடாது. இங்கிலாந்தில் உடற்காய வழக்குக்குப் பொதுவாக மூன்று ஆண்டுகள், கலிஃபோர்னியாவில் இரண்டு. உங்கள் இடத்துக்கான வரம்பை விசாரித்து நாட்காட்டியில் குறித்துவிடுங்கள்.

சைக்கிள் சேதம் மட்டும் என்றால் சிறு வழக்கு நடைமுறை போதும். வழக்கறிஞர் இல்லாமலே நடத்தலாம். காயம் பெரிது, தவறு யாருடையது என்பதில் தகராறு, பாதசாரிக்கும் பலத்த அடி என்றால் வழக்கறிஞரைப் பார்ப்பதில் தயக்கம் வேண்டாம். போவதற்கு முன் ஒன்றை மட்டும் நேர்மையாக எடை போடுங்கள்: எதிராளியிடம் காப்பீடும் இல்லை, சொத்தும் இல்லை என்றால் வென்ற தீர்ப்பை வசூலிக்க முடியாது. அப்போது உங்கள் பாலிசிகளோடு நிறுத்திக்கொள்வது தோல்வி ஆகாது.

குற்றவியல் புகாரால் பணம் எளிதில் வருவதில்லை. மற்றவர் பாதுகாப்புக்கு ஆபத்தாகக் கவனமின்றி நடந்துகொள்வது பல நாடுகளில் குற்றம். இந்தியாவில் 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 125ஆம் பிரிவு அதைச் சொல்கிறது. காவல்துறைப் பதிவு காப்பீட்டுக்கு உதவும் என்பதால் புகார் கொடுங்கள். தண்டனை கிடைத்துவிடும் என்ற எதிர்பார்ப்பில் உங்கள் திட்டத்தைக் கட்டாதீர்கள்.

உங்கள்மேலேயே வழக்கு வந்தால்

இதைக் கடைசியில் வைத்திருந்தாலும் மிக உன்னிப்பாகப் படியுங்கள். 2015இல் லண்டனில் கைபேசியைப் பார்த்தபடி சாலையைக் கடந்த ஒரு பெண்மேல் சைக்கிள்காரர் ஒருவர் மோதினார். அவர் ஒலி எழுப்பினார், கத்தினார், திருப்பவும் பார்த்தார். இருவருக்கும் அடி. வழக்குத் தொடுத்தது அந்தப் பெண். 2019இல் நீதிமன்றம் இருவர்மேலும் சரிபாதி தவறு என்றது. சரிபாதி என்றால் சைக்கிள்காரருக்கும் பாதி இழப்பீடு வந்திருக்க வேண்டும். வரவில்லை, ஏனென்றால் தன் இழப்புக்கும் ஈடு கேட்கும் எதிர்க்கோரிக்கையை அவர் தாக்கல் செய்யவே இல்லை. அந்தப் பெண்ணுக்கு வழங்கப்பட்ட இழப்பீடு நாலாயிரம் பவுண்டு சொச்சம். சைக்கிள்காரர் தலையில் விழுந்த வழக்குச் செலவோ அதைவிடப் பல மடங்கு.

ஆகவே பாதசாரியிடமிருந்தோ அவர் வழக்கறிஞரிடமிருந்தோ கடிதம் வந்தால், "அவர் தவறுதானே, தானே தள்ளுபடியாகிவிடும்" என்று அலமாரியில் வைத்துவிடாதீர்கள். அன்றே உங்கள் பொறுப்புக் காப்பீட்டு நிறுவனத்துக்கு அனுப்புங்கள். நிறுவனத்தைக் கேட்காமல் நீங்களாகப் பதில் எழுதவோ தொகை ஒப்புக்கொள்ளவோ வேண்டாம். பாலிசியே செல்லாமல் போகலாம். உங்களுக்கும் காயமோ சேதமோ இருந்தால், கெடுவுக்குள் எதிர்க்கோரிக்கை தாக்கல் செய்யும்படி வழக்கறிஞரிடம் எழுத்தில் சொல்லுங்கள். இழப்பீடு கேட்கும் எண்ணமே உங்களுக்கு இல்லாவிட்டாலும், அது பேரத்தில் உங்கள் பக்கத் தட்டில் எடையாக இருக்கும்.

பொறுப்புக் காப்பீடு இல்லாமல் சைக்கிள் ஓட்டுவது எவ்வளவு பெரிய துணிச்சல் என்பதற்கு ஜப்பானைப் பார்க்கலாம். ஒரு சிறுவன் சைக்கிளில் மோதிப் பெண் ஒருவர் படுகாயம் அடைந்த வழக்கில், 2013இல் கோபே மாவட்ட நீதிமன்றம் அவன் தாயை ஏறத்தாழ 9.5 கோடி யென் கொடுக்கச் சொன்னது. 2015இல் ஹியோகோ மாகாணம் சைக்கிள் ஓட்டுவோருக்குப் பொறுப்புக் காப்பீட்டைக் கட்டாயமாக்கியது. மற்ற மாகாணங்களும் பின்தொடர்ந்தன. உங்கள் நாட்டில் கட்டாயம் இல்லாவிட்டாலும், கிடைக்கும் என்றால் எடுத்துவிடுங்கள். ஏற்கெனவே உள்ள வீட்டுக் காப்பீட்டில் அது அடங்கியிருக்கிறதா என்று நிறுவனத்துக்கு இப்போதே ஒரு மின்னஞ்சல் அனுப்பி, வரும் பதிலைப் பாலிசியோடு சேர்த்துக் கைபேசியில் சேமித்து வையுங்கள்.